பல்கலைக்கழகப் பட்டறையில் இங்க்ஜெட் அச்சுக்குப் படக்கோப்பைத் தயார்செய்வது எப்படி?

துறைப் பட்டறையில் அகலமான இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது, அச்சுக்குத் தயாரான கோப்போடு வரச் சொல்லியிருக்கிறார்கள், கையில் 24 மெகாபிக்சல் கேமரா படங்களும் சில 35 மி.மீ. ஃபிலிம் ஸ்கேன்களும் இருக்கின்றன என்கிறீர்கள். எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) வைப்பது, சிஎம்ஒய்கே (அச்சகத்தின் நான்கு மை நிறமுறை) ஆக்க வேண்டுமா, எந்த ஃபார்மட்டில் சேமிப்பது, போன முறைபோல இருட்டாக வராமலிருக்க என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள்.

எல்லாவற்றுக்கும் நேரான பதில் உண்டு. ஆனால் அதற்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை இருக்கின்றன: எந்தத் தாள், எந்த அளவு, எந்த வெளிச்சத்தில் மாட்டப்போகிறீர்கள். 'அச்சுக்கான கோப்பு' என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்தப் படம், பளபளப்பில்லாத பருத்தி மேட் தாளில், 16க்கு 24 அங்குலத்தில் என்று தீர்மானமான பிறகுதான் கோப்பைத் தயார்செய்யவே முடியும். அதே படத்தைப் பளபளப்பான பரைட்டா தாளில் 8க்கு 12 ஆக எடுப்பதென்றால் அது வேறு கோப்பு. ஆகவே எடிட் செய்து முடித்த மூலக் கோப்பை லேயர்களோடு, 16 பிட்டில், பிக்சல் குறையாமல் தனியாக வைத்துவிடுங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து, கீழே சொல்லும் வேலைகளை அந்தப் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

இருட்டாக வந்த பிரச்சினையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பட்டறைக்கு வரும் மாணவர்களின் அச்சுகளில் மிக அதிகமாகக் காணும் குறை அதுதான். பிரிண்டர்மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் காரணம் திரை. மடிக்கணினித் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் சதுர மீட்டருக்கு 300 கேண்டெலாவையும் (வெளிச்சத்தின் அலகு) தாண்டும். அச்சுக்காக எடிட் செய்யும் திரைக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். மூன்று மடங்கு பிரகாசமான திரையில் உட்கார்ந்து வேலை செய்பவர், கண்ணுக்கு இதமாகும்வரை படத்தை இருட்டாக்கிக்கொண்டே போவார். திரை தானே ஒளிர்கிறது. தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப மட்டுமே செய்கிறது. அறையில் வெளிச்சம் குறைந்தால் அச்சும் மங்கும். திரையில் நிழலுக்குள் தெரிந்த இலைகளும் துணிமடிப்புகளும் தாளில் ஒரே கறுப்பாகிவிடும்.

பட்டறையில் கேலிபரேட் செய்த, அதாவது நிறமும் வெளிச்சமும் கருவியால் அளந்து சரிசெய்த, மானிட்டர் இருந்தால் கடைசிக்கட்ட வேலையை அதன்முன் செய்யுங்கள். வீட்டில் செய்தாக வேண்டுமென்றால் திரையில் ஒட்டவைத்து அளக்கும் கேலிபரேட்டர் கருவியை இரவல் வாங்குங்கள். வெளிச்சம் 100 கேண்டெலா, வெண்மை 6500 கெல்வின், காமா (நடுத்தொனிகளின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) 2.2 என்று தொடங்கலாம். அச்சை 5000 கெல்வின் விளக்கில் பார்த்து ஒப்பிடுபவர்கள் திரையையும் அதை நோக்கிச் சற்று வெதுவெதுப்பாக வைப்பதுண்டு. கருவியே கிடைக்கவில்லையா? அச்சை எந்த வெளிச்சத்தில் பார்ப்பீர்களோ அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே அளவு வெளுப்பாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். துல்லியமான முறை அல்ல, ஆனால் இருட்டுப் பிரச்சினையின் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும். தானாகக் கூடிக் குறையும் வெளிச்சம், இரவில் மஞ்சளாகும் திரை போன்ற வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். எடிட்டிங் மென்பொருளின் பின்புலத்தைக் கறுப்பில் வைக்காமல் நடுத்தரச் சாம்பலில் வையுங்கள்; கறுப்புப் பின்புலத்தில் எந்தப் படமும் உள்ளதைவிட வெளிச்சமாகத் தோன்றும்.

அடுத்தது டிபிஐ. பிரிண்டரின் விவரத்தில் 1440 அல்லது 2880 என்று போட்டிருப்பது மைத்துளிகளின் கணக்கு. அதற்கும் உங்கள் கோப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது, அதாவது பிபிஐ. கோப்பைத் திறந்து 72 என்ற எண்ணை 300 என்று மாற்றுவதால் மட்டும் எந்தத் தரமும் கூடாது. பிக்சல் எண்ணிக்கையை அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள். உங்கள் கேமராவின் 6000க்கு 4000 பிக்சல் படம் 300 பிபிஐயில் 20க்கு 13.3 அங்குலம் வரும். 16க்கு 24 அங்குலத்தில் போட்டால் 250 பிபிஐ நிற்கும். 20க்கு 30 என்றால் 200.

300 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டியிருக்காது. நல்ல கண்பார்வை பிரித்தறியும் நுணுக்கம் ஏறக்குறைய 1 கலை, அதாவது ஒரு பாகையில் 60ல் ஒரு பங்கு. 30 செ.மீ. தூரத்தில் அது சுமார் 290 பிபிஐக்குச் சமம். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 90க்குள் அடங்கிவிடும். ஆனால் இந்தக் கணக்கை நம்பிப் பெரிய அச்சுக்கு 90 போதும் என்று விட்டுவிடாதீர்கள். விமர்சன வகுப்பிலும் கண்காட்சியிலும் மனிதர்கள் அச்சின் அருகே வந்து மூக்கு உரசும் தூரத்தில் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். என் அளவுகோல் இது: கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு 300, சுவரில் மாட்டும் நடுத்தர அளவுக்கு 240, பருத்தி மேட் தாளில் மிகப் பெரிதாக எடுக்கும்போது 180 வரை இறங்கலாம். மேட் தாளின் சொரசொரப்பு கொஞ்சம் குறையை மறைத்துக் கொடுக்கும். பளபளப்புத் தாள் எதையும் மறைக்காது.

பிரிண்டரின் டிரைவர், அதாவது கணினியிலிருந்து அதை இயக்கும் மென்பொருள், உள்ளுக்குள் ஒரு குறிப்பிட்ட பிபிஐயில் வேலை செய்கிறது. எப்சனில் அது 360 அல்லது 720, கேனானில் 300 அல்லது 600. கோப்பு வேறு எண்ணில் இருந்தால் டிரைவரே அதை மாற்றிக்கொள்ளும், ஆனால் அந்த வேலையை எடிட்டிங் மென்பொருள் இன்னும் நன்றாகச் செய்யும். ஆகவே 250ல் நிற்கும் கோப்பை எப்சன் பிரிண்டருக்காக 360க்கு ஏற்றிக் கொடுப்பதில் சிறு லாபம் உண்டு. மெல்லிய கோடுகள், கட்டடங்கள், எழுத்துகள் இருக்கும் படத்தில் அது கண்ணுக்குத் தெரியும். பனிமூட்டக் காட்சியில் தெரியாது. நீள அகலங்களை இரண்டு மடங்குக்குள் பெரிதாக்குவதில் பெரிய ஆபத்து இல்லை. செயற்கை நுண்ணறிவு கொண்டு பெரிதாக்கும் கருவிகளைப் பயன்படுத்தினால் மட்டும் 100 சதவீதத்தில் வைத்து ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். தோல், தலைமுடி, தூரத்து இலைகள், பெயர்ப்பலகை எழுத்துகள் ஆகியவற்றில் அவை இல்லாததை வரைந்துவிடும். ஆவணப் படங்களில் இது அழகியல் பிரச்சினை மட்டுமல்ல, நேர்மைப் பிரச்சினையும்கூட.

ஃபிலிம் ஸ்கேன்களுக்குக் கணக்கு வேறு. 35 மி.மீ. சட்டகம் 24க்கு 36 மி.மீ.; 4000 பிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 3780க்கு 5670 பிக்சல் கிடைக்கும். இது உங்கள் கேமரா படத்துக்கு நிகரான அளவுதான். ஆனால் மேசை ஸ்கேனர்களின் பெட்டியில் 6400 என்று அச்சிட்டிருந்தாலும் உண்மையான நுணுக்கம் அதில் பாதிகூடத் தேறாது. கோப்பு பெரிதாக இருக்கும், உள்ளே விவரம் இருக்காது. பட்டறையிலோ நூலகத்திலோ ஃபிலிமுக்கென்றே உள்ள ஸ்கேனர் இருந்தால் முக்கியமான சட்டகங்களை அதில் மறுபடி எடுப்பது நல்லது. இன்னொன்று, தூசி. 24 அங்குல அச்சில் ஃபிலிம் சட்டகம் ஏறக்குறைய 17 மடங்கு பெரிதாகிறது. அதன்மேல் ஒட்டியிருந்த நூலிழையும் அப்படியே பெரிதாகும். 100 சதவீதத்தில், கட்டம் கட்டமாக நகர்ந்து, முழுப் படத்தையும் துடைத்தெடுங்கள். வானமும் வெற்றுச் சுவரும் இருக்கும் பகுதிகளில் பொறுமை அதிகம் வேண்டும். இந்த வேலையைப் பிரதியில் செய்யாதீர்கள், மூலக் கோப்பிலேயே செய்யுங்கள், ஒருமுறை செய்தால் போதும்.

சிஎம்ஒய்கே ஆக்க வேண்டுமா? வேண்டாம். அது ஆஃப்செட் அச்சகத்துக்கான பழக்கம். இங்க்ஜெட் பிரிண்டரில் நான்கு மை மட்டும் இல்லை. வெளிர் சயான், வெளிர் மெஜந்தா, ஒன்றுக்கு மேற்பட்ட சாம்பல், சிலவற்றில் ஆரஞ்சும் பச்சையும் ஊதாவும் என்று 8 முதல் 12 மைகள் இருக்கும். எந்த மையை எவ்வளவு தெளிப்பது என்பதை டிரைவர் தீர்மானிக்கிறது, அதற்கு அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் நிறத்தைச் சொல்லும் ஆர்ஜிபி கோப்பையே எதிர்பார்க்கிறது. நீங்கள் ஆஃப்செட் ப்ரொஃபைலுக்கு (ப்ரொஃபைல் என்பது எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் தகவல்) மாற்றிக் கொடுத்தால் அந்த இயந்திரத்தால் காட்ட முடிந்த நல்ல நீலங்களையும் பச்சைகளையும் முன்கூட்டியே வெட்டி எறிந்துவிடுகிறீர்கள். பிறகு டிரைவர் அதை மறுபடி தன் மைகளுக்கு மாற்றும். போன நிறம் திரும்பாது.

எந்த ஆர்ஜிபி என்பதில் என் பரிந்துரை, ரா கோப்பிலிருந்து (கேமரா பதித்த பதப்படுத்தாத தரவு) 16 பிட்டில் அடோபி ஆர்ஜிபி 1998. இன்றைய பிக்மென்ட் (நிறமித்துகள்) மை பிரிண்டர்கள், திரைகளும் இணையமும் பொதுவாகப் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியின் எல்லைக்கு வெளியே இருக்கும் சில நிறங்களையும் அச்சிடக்கூடியவை, குறிப்பாகச் சயானும் பச்சையும் சார்ந்த பகுதியில். ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி இன்னும் அகலமானது, ஆனால் அதை 8 பிட்டில் சேமிக்கவே கூடாது. அவ்வளவு பெரிய நிறவெளியை 256 படிகளில் வகுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஏற்கெனவே எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக மட்டும் இருக்கும் படத்தை அடோபி ஆர்ஜிபிக்கு மாற்றுவதால் புதிதாக எந்த நிறமும் பிறக்காது. அப்படியே கொடுங்கள், எஸ்ஆர்ஜிபியிலும் நல்ல அச்சு வரும். எதுவானாலும் கோப்புக்குள் ப்ரொஃபைலைப் பதித்துச் சேமிப்பது கட்டாயம். ப்ரொஃபைல் இல்லாத கோப்பில் எண்கள் இருக்கும், அவை எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. போட்டோஷாப்பில் 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' என்பதும் 'அசைன் ப்ரொஃபைல்' என்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முன்னது நிறத்தைக் காப்பாற்றி எண்களை மாற்றும். பின்னது எண்களை அப்படியே விட்டுவிட்டு நிறத்தை மாற்றிவிடும். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் முன்னதுதான்.

பட்டறை பொறுப்பாளர் வெளிப்படையாகக் கேட்டால் ஒழிய, பிரிண்டரின் ப்ரொஃபைலுக்கு நீங்களே மாற்றிக் கொடுக்காதீர்கள். அது அச்சிடும் கணத்தில் நடக்க வேண்டிய வேலை. ஆனால் அந்த ப்ரொஃபைல் உங்களிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் இனிதான் முக்கியமான கட்டம்.

எந்தத் தாளில் எடுக்கப்போகிறீர்களோ அந்தத் தாளும் அந்தப் பிரிண்டரும் சேர்ந்த ஐசிசி ப்ரொஃபைலைப் பட்டறையில் கேட்டு வாங்கி உங்கள் கணினியில் நிறுவுங்கள். பிறகு மென்பொருளில் சாஃப்ட் ப்ரூஃபை, அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டத்தை, இயக்கி, தாளின் வெண்மையைக் காட்டும் தெரிவையும் போடுங்கள். படம் சட்டென்று சோர்ந்து, கறுப்பு வெளிறி, வெள்ளை மங்கும். பலர் இங்கே பதறி அந்தத் தெரிவை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், உங்கள் தாள் அப்படித்தான் இருக்கப்போகிறது. மேட் தாளில் கிடைக்கும் மிகக் கரிய கறுப்பின் அடர்த்தி பொதுவாக 1.6 அளவில் நிற்கும். நல்ல பரைட்டாவில் 2.3ஐத் தாண்டும். எண்ணில் சிறிய வித்தியாசம்போல் இருக்கும். ஆனால் இது மடக்கைக் கணக்கு: மேட் கறுப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் இரண்டரை சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, பரைட்டாவின் கறுப்பு அரை சதவீதத்தை. ஐந்து மடங்கு. உங்கள் இரவுக் காட்சியின் ஆழம் அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. இருளையே நம்பி எடுத்த படத்தை மேட் தாளில் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அசலையும் சாஃப்ட் ப்ரூஃபையும் அருகருகே வைத்து, ப்ரூஃப் அசலை நெருங்கும்வரை, தொனிகளை வளைகோட்டால் மாற்றும் ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டுத் திருத்துங்கள். மேட் தாளுக்கு வழக்கமாக நிழல்களைச் சற்று மேலே தூக்கி, நடுத்தொனிகளில் கான்ட்ராஸ்ட் கூட்ட வேண்டியிருக்கும். இன்ஃபோ பேனலில், 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான அளவில், 15க்குக் கீழே இருக்கும் பகுதிகள் மேட் தாளில் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் 255 என்றால் அங்கே மை விழாது, வெறும் தாள். பளபளப்புத் தாளில் பிக்மென்ட் மை விழுந்த இடமும் விழாத இடமும் சாய்த்துப் பார்க்கும்போது வேறு வேறாக மினுங்கும். அதனால் மேகங்களையும் வெள்ளைத் துணியையும் 250க்குள் நிறுத்துங்கள்.

ரெண்டரிங் இன்டென்ட்டில், அதாவது அச்சுக்கு அடங்காத நிறங்களை எப்படி அடக்குவது என்ற தெரிவில், ரிலேட்டிவ், பெர்செப்சுவல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அச்சுக்கு அடங்காத கடும் சிவப்பும் நீலமும் நிறைய இருந்தால் பெர்செப்சுவல் உதவலாம். மற்றபடி பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனோடு (படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தும் தெரிவு) ரிலேட்டிவ். கறுப்பு வெள்ளைப் படத்தையும் ஆர்ஜிபியிலேயே, மூன்று எண்களும் சமமாக, கொண்டு வாருங்கள். சாம்பல் மைகளை முதன்மையாகப் பயன்படுத்தும் தனிக் கறுப்பு வெள்ளை முறை சில டிரைவர்களில் உண்டு, பட்டறையில் கேளுங்கள். நிறச்சாயல் இல்லாத சாம்பலுக்கு அது நன்றாக இருக்கும்.

ஷார்ப்பனிங், அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குவது, கடைசியில். இறுதி அளவுக்கு மாற்றிய பிறகு, அந்தப் பிரதியில் மட்டும். மை தாளில் லேசாகப் பரவுவதால், 100 சதவீதத்தில் திரையில் பார்க்கும்போது கொஞ்சம் அதிகம்போல் தோன்றுவதுதான் அச்சில் சரியாக வரும். மேட் தாள் இன்னும் கொஞ்சம் தாங்கும். லைட்ரூமிலிருந்து வெளியெடுக்கும்போதே தாள் வகை சொல்லி ஷார்ப்பன் செய்திருந்தால் மறுபடி செய்யாதீர்கள்.

விகிதத்தையும் கவனியுங்கள். கேமரா படம் 3க்கு 2. ஏ2 தாள் 1.41க்கு 1. தாளை நிரப்ப வேண்டும் என்று படத்தை இழுக்கவோ ஓரத்தை வெட்டவோ வேண்டாம். சுற்றிலும் ஓர் அங்குலமாவது வெள்ளை ஓரம் விடுங்கள். பிடிக்கவும், மவுன்ட் செய்யவும், சட்டகத்துக்குள் மறைக்கவும் அந்த இடம் வேண்டும். 16க்கு 24 படம் இப்படி 18க்கு 26 தாளாகிறது, 24 அங்குல ரோலில் சௌகரியமாக அமரும்.

சேமிக்கும்போது லேயர்களைத் தட்டையாக்கி, கூடுதல் சேனல்களை நீக்கி, 16 பிட் டிஃப் (TIFF) ஃபார்மட். உங்கள் 24 மெகாபிக்சல் படம் சுருக்காமல் சுமார் 144 எம்பி வரும். சுருக்குவதென்றால் ஜிப் முறை. எல்இசட்டபிள்யூ என்ற இன்னொரு சுருக்குமுறை 16 பிட் கோப்பைச் சில சமயம் பெரிதாக்கிவிடும். உயர்ந்தபட்சத் தரத்தில் ஒரே ஒருமுறை சேமித்த ஜேபெக்கும் தாளில் ஏறக்குறைய அப்படியே தெரியும், அதனால் அது மட்டும் கையில் இருந்தால் கவலைப்படாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதை மட்டும் கொண்டுவராதீர்கள், அது பிக்சலையே குறைத்துவிடும். கோப்பின் பெயரில் உங்கள் பெயர், படம், அளவு, தாள் நான்கும் இருக்கட்டும். ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும் போதும். பொறுப்பாளர் ஒரே நாளில் பலரின் கோப்புகளைக் கையாளுகிறார், 'ஃபைனல் 2' என்ற பெயர் அவருக்கு எதையும் சொல்லாது.

பட்டறையில் முழு அச்சுக்கு முன் ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் (சோதனைத் துண்டு) எடுங்கள். முழுப் படத்தையும் சுருக்கி எடுப்பதில் பயன் குறைவு. இறுதி அளவிலேயே, மிக இருண்ட இடமும் மிக வெளிச்சமான இடமும் முகம் இருந்தால் முகமும் வரும்படி, இரண்டு மூன்று அங்குல அகலத் துண்டுகளாக வெட்டி ஒரே தாளில் அடுக்குங்கள். இதற்காகும் தாளை மிச்சம் பிடிக்க நினைத்தால் முழுத் தாள்கள் வீணாகும்.

பிரிண்ட் சன்னலில் ஒன்றை உங்கள் கண்ணாலேயே உறுதி செய்யுங்கள்: நிறத்தை மென்பொருள் கையாளுகிறது என்றால் டிரைவரில் நிறத் திருத்தம் அணைந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் படம் மெஜந்தா ஏறி, அல்லது அழுத்தமாக இருண்டு வரும். அதைப் பார்த்து நீங்கள் கோப்பைத் திருத்தத் தொடங்கினால் முடிவே இராது. அதேபோல மீடியா டைப், அதாவது தாள் வகைத் தெரிவு. ப்ரொஃபைல் எந்த மீடியா அமைப்பில் உருவாக்கப்பட்டதோ அதையே தெரிவு செய்ய வேண்டும், எவ்வளவு மை விழும் என்பதும், மேட் கறுப்பா போட்டோ கறுப்பா என்பதும் அதைப் பொறுத்தது. பருத்தித் தாளுக்குப் பொதுவாக ஒரு பக்கம் மட்டுமே பூச்சு இருக்கும். மூலையை ஈரவிரலால் தொட்டால் பூச்சுப் பக்கம் லேசாக ஒட்டும். தாளின்மேல் உள்ள இழைத்தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மை விழுந்த பிறகு தூசி உதிர்ந்து வெள்ளைப் புள்ளி நிற்கும்.

ஸ்ட்ரிப்பைச் சில நிமிடம் உலரவிட்டு, 5000 கெல்வின் பார்வை விளக்கின்கீழ் பாருங்கள். பிறகு கண்காட்சி நடக்கும் அறைக்கே எடுத்துப்போய் அந்த வெளிச்சத்திலும் பாருங்கள். அந்த அறை மங்கலாக இருந்தால் கோப்பை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். திருத்தத்தைக் கர்வ்ஸ் லேயரில் செய்து, என்ன செய்தீர்கள் என்பதை ஸ்ட்ரிப்பின் பின்புறத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள்.

முழு அச்சு வந்ததும் சுருட்டாதீர்கள். மேட் பரப்பு விரல் உரசினாலே தழும்பாகும். கையுறை அணிந்து, வெள்ளை ஓரத்தை மட்டும் பிடித்து, தட்டையாகக் கிடத்தி ஒரு நாள் உலரவிடுங்கள். அடுக்க வேண்டியிருந்தால் நடுவில் அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள். கண்ணாடி போட்டுச் சட்டகம் அடிப்பது அதற்குப் பிறகுதான், கண்ணாடி அச்சைத் தொடாதபடி இடையில் மவுன்ட் அட்டை வைத்து.